கண்மாய்ச் சேற்றில் டிஃப் லாக்: ஆக்சிலை முறிக்காமல் வண்டியை எடுக்கும் முறை

பள்ளத்தூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிற அண்ணன் யாரையாவது கவனித்துப் பாருங்கள். சேற்றில் ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றினால், குதிகாலால் ஒரு பெடலை அமுக்குவார். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து வண்டி மேலேறும். ஏறியதும் காலை எடுத்துவிடுவார். டிஃப் லாக் என்பது அவ்வளவுதான். ஆனால் புதிதாக ஃபோர் வீல் வண்டி வாங்குகிற நம் ஆட்கள் அமுக்குவதை மட்டும் கற்றுக்கொள்கிறார்கள்.

தேர் முக்குத் திரும்பும்போது வெளிப்பக்க வடத்தைப் பிடித்தவர்கள் கூடுதலாக நடக்க வேண்டும் இல்லையா? வளைவில் வெளிச்சக்கரமும் அப்படித்தான். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்) என்கிற பல்சக்கரத் தொகுதி. அதன் குணம், இரண்டு பக்கமும் எப்போதும் சமமான முறுக்குவிசை கொடுப்பது. சேற்றில் வழுக்கும் சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும், அதனால் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். லாக் போட்டால் இந்தப் பங்கீடு போய்விடும்.

முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

இப்போதைய ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி லாக், லீவரைக் கையால் இழுத்துப் போடுவது. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் சில வகைகளில் பின் அச்சில் மெக்கானிக்கல் லாக் உண்டு. அதற்கு ஸ்விட்ச் கிடையாது, இரண்டு சக்கரங்களின் வேகம் மிகவும் மாறுபட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மாருதி ஜிம்னியில் பூட்டே இல்லை, சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறுபக்கம் விசையைத் தள்ளுகிறது.

வீட்டு வாசலில் ஒரு சோதனை

டூ வீல் டிரைவில் வைத்து, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம். (ஆத்தங்குடி டைல் தளத்தில் செய்துவிடாதீர்கள், ஆச்சியிடம் யார் பதில் சொல்வது?) இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். கூர்க்காவில் பின் லாக்கைப் போட்டுவிட்டுச் சுற்றினால் அசையாது. நியூட்ரலுக்கு மாற்றினால் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். தாரில் இந்தச் சோதனை பூட்டைக் காட்டாது, கை வேகம் அதற்குப் பத்தாது.

ஆக்சில் ஏன் முறிகிறது?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இன்ஜின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் அதை 4 மடங்காக்கும், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் ஃபோர் வீல் கியர்) 2.5 மடங்கு, அச்சில் இருக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 4 மடங்கு. பெருக்கினால் 40 மடங்கு, அதாவது 12,000 நியூட்டன் மீட்டர். ஆனால் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரமும், டயரின் ஆரம் 0.38 மீட்டரும் இருந்தால், நல்ல காய்ந்த தரையிலேயே சுமார் 1,500 நியூட்டன் மீட்டரைத் தாண்டியதும் டயர் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் ஆக்சிலுக்கு ஃபியூஸ்.

லாக் போட்டிருக்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில், மற்றது செம்புறாங்கல் இடுக்கில் சிக்கியிருந்தால் ஃபியூஸ் வேலை செய்யாது. மொத்த விசையும் அந்தச் சக்கரத்தின் ஒற்றை ஆக்சில் தண்டில் இறங்கும். இன்னும் மோசம், வேகமாகச் சுற்றிக்கொண்டே குதிக்கிற சக்கரம் கல்லில் வந்து பிடிப்பது. தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய ஜீப்பின் ஆக்சிலை நான் அப்படித்தான் முறித்தேன். தப்பு முழுக்க என் வலது காலில். டயரைப் பெரிதாக்கினால் நெம்புகோலும் நீளும். அழகுக்காகப் பெரிய டயர் போடுகிறவர்கள் முதலில் ஆக்சிலைப் பற்றி யோசிக்கட்டும்.

களத்தில் வரிசை

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய்க்குள் இறங்காதீர்கள். மேலே காய்ந்த தோல், கீழே வண்டல். கரையோரச் செம்மண் தடமே பழகுவதற்குப் போதும், கேட்டுவிட்டு இறங்குங்கள்.

முதலில் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீரும் என்பது என் அனுபவம். சீமைக்கருவேல முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள், திரும்பக் காற்றடிக்கப் பம்ப் கையில் இருக்கட்டும். பிறகு வண்டியை நிறுத்தி லோ ரேஞ்ச். அதிலும் ஏறாவிட்டால்தான் லாக்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாக்கை இழுக்காதீர்கள், பல்லில் பல் மோதும். நின்று, பின் லாக்கை மட்டும் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆக்சிலரேட்டரைத் தடவுகிற மாதிரி கொடுங்கள். முன் லாக் கடைசி ஆயுதம். அதைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்க ஜாயின்ட்தான் முதலில் போகும். சக்கரம் குதிக்கத் தொடங்கினால் அந்த நொடியே காலை எடுங்கள்.

கெட்டித் தரைக்கு வந்ததும் லாக்கை விடுங்கள். லீவர் இறுகி வராவிட்டால் நேராக ஓரடி பின்னால் வாருங்கள், விட்டுவிடும். தார் ரோட்டில் லாக்கோடு திரும்பவே கூடாது.

தண்ணீரில் இறங்கியிருந்தால் வீட்டுக்கு வந்து டிஃப் ஆயிலைப் பாருங்கள். சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.