ஆங்கிலக் கேள்வி தடுக்கி விழுவது இரண்டாவது சொல்லில்

வாட், வேர், வென், ஹூ, ஒய், விச், ஹௌ. ஆங்கிலத்தின் வினாச்சொற்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையோரம் சங்கும் சிப்பி மாலையும் விற்பவர்களுக்கும் இவை அத்துப்படி. அப்படியிருந்தும் கேள்வி தவறிப்போகிறது என்றால் குற்றம் வினாச்சொல்லில் இல்லை. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

தமிழில் வினாச்சொல் ஒன்றே கேள்வி முழுவதையும் தாங்கிக்கொள்ளும். "நீங்கள் பாம்பனுக்குப் போகிறீர்கள்" என்ற வாக்கியத்தில் ‘பாம்பனுக்கு’ இருந்த இடத்தில் ‘எங்கே’ என்று வைத்தால் போதும். வேறு எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்துக்கு அது போதாது. வினாச்சொல் முன்னால் வந்த பிறகு துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வர வேண்டும். ‘யூ ஆர் கோயிங்’ என்பது ‘ஆர் யூ கோயிங்’ என்று மாறினால்தான் அது கேள்வி. "வேர் யூ ஆர் கோயிங்?" என்ற கேள்வி நம் கடற்கரையின் எந்த ஆட்டோ நிறுத்தத்திலும் காதில் விழும். வடநாட்டு யாத்ரீகருக்கு அது புரியும், சவாரியும் படிந்துவிடும். காரியம் நடந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை, அதனாலேயே இந்தத் தவறுக்கு ஆயுள் கெட்டி. கீழக்கரையிலிருந்து வளைகுடா வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞரிடம் மட்டும் அதற்கு விலை கேட்பார்கள். சரியான வடிவம்: "வேர் ஆர் யூ கோயிங்?"

இடம் மாற்றுவதற்கு ஆர், ஈஸ், கேன், வில் என்று ஏதும் வாக்கியத்தில் இல்லாதபோது என்ன செய்வது? அப்போதுதான் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்று கூலிக்கு வருகிறது. "வாட் யூ வான்ட்?" என்பது தவறு, "வாட் டூ யூ வான்ட்?" என்பது சரி. கடையில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலக்கணம் சரியானாலும் இந்தக் கேள்வி கொஞ்சம் முறைப்பாகத்தான் ஒலிக்கும். வாடிக்கையாளரிடம் "வாட் வுட் யூ லைக்?" என்று கேட்பதே மரியாதை.

இந்த டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். அதற்குப் பின்னும் "வேர் டிட் யூ வென்ட்?" என்று கேட்பது ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுப்பது போன்றது. "வேர் டிட் யூ கோ?" என்பதே போதும். டஸ் வந்தாலும் இதே விதிதான். "வேர் டஸ் ஹீ லிவ்ஸ்?" என்பதில் கடைசி ‘ஸ்’ உதிர்ந்து ‘லிவ்’ என்று நிற்க வேண்டும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்தவர்கள் அடுத்துச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1964 டிசம்பர் புயலை எடுத்துக்கொள்வோம். "வாட் டெஸ்ட்ராய்ட் தனுஷ்கோடி?" என்று கேட்டால் பதில், புயல். "வாட் டிட் த சைக்ளோன் டெஸ்ட்ராய்?" என்று கேட்டால் பதில், தனுஷ்கோடி. முதல் கேள்வியில் டிட் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஏன்? முதல் கேள்வி தேடுவது எழுவாயை. அழித்தது எது என்பதே தெரியவில்லை, ஆகவே அந்த ‘வாட்’டே எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. தாண்டிச் செல்ல வேறு எழுவாய் இல்லாதபோது டிட்டுக்கும் வேலையில்லை. இரண்டாவது கேள்வியில் எழுவாயாகப் புயல் இருக்கிறது, தேடுவது செயப்படுபொருளை. அங்கே டிட் கட்டாயம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழில் கேள்வியைச் சொல்லிப் பார்த்தாலே வேற்றுமை உருபு காட்டிக்கொடுத்துவிடும். ‘எது அழித்தது?’ என்றால் உருபு இல்லை, டிட் வேண்டாம். ‘எதை அழித்தது?’ என்றால் ஐ உருபு இருக்கிறது, டிட் வேண்டும். யார், யாரை என்ற ஜோடிக்கும் இதே கணக்குதான். "ஹூ கால்ட் யூ?" என்றால் உங்களை யார் அழைத்தார் என்று பொருள். "ஹூ டிட் யூ கால்?" என்றால் நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்று பொருள். பள்ளி இலக்கணம் இரண்டாவதில் ‘ஹூம்’ கேட்கும். பேச்சில் இன்று ஆங்கிலேயர்களே ‘ஹூ’ என்றுதான் சொல்கிறார்கள். தேர்வுத்தாளில் மட்டும் ‘ஹூம்’ எழுதிவிடுங்கள், வாதாட வேண்டாம்.

அடுத்த தவறு நன்றாகப் படித்தவர்களுடையது. "கேன் யூ டெல் மீ வேர் ஈஸ் த டெம்பிள்?" துணைவினையை முன்னே கொண்டுவரும் பழக்கம் ஊறிப்போய், வேண்டாத இடத்திலும் கை அதைச் செய்துவிடுகிறது. இங்கே கேள்வி கேட்கும் வேலையை ‘கேன் யூ’ ஏற்கெனவே முடித்துவிட்டது. பின்னால் வருவது கேள்வியல்ல, சாதாரணச் செய்தி வாக்கியம்: "கேன் யூ டெல் மீ வேர் த டெம்பிள் ஈஸ்?" அதே காரணத்தால் "டூ யூ நோ வென் த பஸ் லீவ்ஸ்?" என்பதில் டஸ் வராது, ‘லீவ்ஸ்’ தன் வாலோடு அப்படியே இருக்கும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் நடுவில் ‘இஃப்’ சேர்க்க வேண்டும்: "டூ யூ நோ இஃப் த டெம்பிள் ஈஸ் ஓப்பன்?" தமிழில் ‘திறந்திருக்கிறதா என்று’ எனச் சொல்லும்போது ‘ஆ’ விகுதியும் ‘என்று’ம் செய்யும் வேலையை அந்த ‘இஃப்’ செய்கிறது.

இனி ‘எவ்வளவு’. பாம்பன் பாலத்தைக் காட்டி எவ்வளவு நீளம், கடக்க எவ்வளவு நேரம், இங்கிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு பழையது என்று ஒரே சொல்லை வைத்துத் தமிழில் கேட்டு முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஹௌ தனியாக எதையும் அளக்காது. லாங், ஃபார், ஓல்ட், ஹை என்று பக்கத்தில் அளவின் பெயர் நிற்க வேண்டும். "ஹௌ லாங் ஈஸ் த பிரிட்ஜ்?" என்றால் நீளம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடக்கும் நேரத்துக்கும் ‘ஹௌ லாங்’தான், ஆனால் ‘டேக்’ துணைக்கு வர வேண்டும்: "ஹௌ லாங் டஸ் இட் டேக் டு கிராஸ்?" ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்க ‘ஹௌ லாங்’ உதவாது, அதற்கு ‘வென்’ அல்லது ‘வாட் டைம்’. பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது, ஒரு பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025இல் திறந்தது. ஆகவே "ஹௌ ஓல்ட்?" என்று கேட்கிறவர் எந்தப் பாலம் என்றும் சொல்ல வேண்டும்.

மச், மெனி குழப்பம் மீன் சந்தையில் வேடிக்கையாகிவிடும். எண்ணக்கூடியதற்கு மெனி, எண்ண முடியாததற்கு மச் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். நண்டு எண்ணக்கூடியது. ஆகவே விலை கேட்க நினைத்து "ஹௌ மெனி தீஸ் கிராப்ஸ்?" என்கிறார்கள். எதிரே இருப்பவர் கூடையில் எத்தனை நண்டு என்று எண்ணத் தொடங்குவார். விலை கேட்டால் எப்போதும் மச்தான், ஏனென்றால் அங்கே அளக்கப்படுவது நண்டு அல்ல, பணம்: "ஹௌ மச் ஆர் தீஸ் கிராப்ஸ்?"

‘எப்படி’ என்று தமிழில் வந்தாலே ‘ஹௌ’ என்று போட்டுவிடக் கூடாது. "இதை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பீர்கள்?" என்பதற்கு "ஹௌ டூ யூ கால் திஸ்?" என்பது தவறு, "வாட் டூ யூ கால் திஸ்?" என்பதே சரி. ஆள் எப்படி இருப்பார் என்று அடையாளம் கேட்கவும் வாட்தான்: "வாட் டஸ் ஹீ லுக் லைக்?" "ஹௌ ஈஸ் ஹீ?" என்றால் நலம் விசாரித்ததாகிவிடும்.

‘எத்தனையாவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் வழக்கில் உள்ள ஒற்றைச் சொல் கிடையாது. பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்கு வரும் வெளிநாட்டவரிடம் கலாம் எத்தனையாவது குடியரசுத் தலைவர் என்று கேட்க நினைத்தால் சுற்றித்தான் வர வேண்டும். "ஹௌ மெனி பிரசிடென்ட்ஸ் கேம் பிஃபோர் கலாம்?" என்று கேட்டு, பத்து என்று பதில் வந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வினாச்சொல் இல்லாத கேள்வியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அது பதிலில். "ஹேவின்ட் யூ சீன் அரிச்சல்முனை?" என்று ஒருவர் கேட்கிறார். நீங்கள் பார்த்ததில்லை. தமிழில் "ஆமாம், பார்த்ததில்லை" என்போம், கேட்டவர் சொன்னது சரி என்ற பொருளில். ஆங்கிலம் கேட்டவரின் ஊகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். பார்த்திருந்தால் "யெஸ், ஐ ஹேவ்". பார்க்காவிட்டால் "நோ, ஐ ஹேவின்ட்". வெறும் "யெஸ்" என்று சொல்லி நிறுத்தினால், நீங்கள் போய்வந்துவிட்டீர்கள் என்று எண்ணி அவர் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.