உருவுவதற்கு ஒரு காரணம், சுடுவதற்கு வேறொரு காரணம்

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேறு, அதை ஒரு மனிதன் முன்னால் வெளியே எடுக்கும் உரிமை வேறு. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ துங்காட்டிலோ தற்காப்புக்கென்று 13-ஆம் பிரிவு லைசன்ஸ் வாங்கியவர் முதல் உரிமைக்காகப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்திருப்பார். இரண்டாவது உரிமை எந்த அட்டையிலும் அச்சாகி வருவதில்லை. ஆபத்தோடு கூடவே பிறந்து, ஆபத்து விலகிய கணமே அது போய்விடும். தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி வழக்கில் சிக்குபவர்களில் பலர் அந்தக் கணத்துக்கு ஒரு நொடி முன்னாலோ ஒரு நொடி பின்னாலோ கையை நீட்டியவர்கள்.

நடப்பதை நான்கு அசைவுகளாகப் பிரித்து மனதில் வையுங்கள்: உறையில் கை வைப்பது, உருவுவது, ஆளை நோக்கி நீட்டுவது, சுடுவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டிவரும்.

உறையிலிருந்தே தொடங்குவோம். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் சட்டமான சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த ஹோல்ஸ்டரிலோ பையிலோ இருக்க வேண்டும். முழுவதும் மறைந்திருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும். பக்கி எனும் சின்ன லாரியின் டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவிட்டு டீரூமுக்குள் (தெருமுனைக் கடை) ரொட்டி வாங்கப் போனால் அது கட்டுப்பாடு இல்லை. வாக்குவாதத்தில் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுவது இதைவிட மோசம். உடனே அடிவிழும் என்று எதிராளி நம்பும்படி மிரட்டுவதே தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அசால்ட் குற்றம். கை படத் தேவையில்லை. ஹிகின்சன் ஹைவேயில் ஒருவன் குறுக்கே வண்டியை விட்டான், கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னான் என்பதெல்லாம் துப்பாக்கிக்குக் காரணமே அல்ல. அவமானம் தாக்குதல் ஆகாது.

நீட்டுவதற்குச் சட்டத்தில் தனிக் குற்றமே உண்டு. பிரிவு 120(6): தகுந்த காரணமில்லாமல் யாரை நோக்கியும் துப்பாக்கியை நீட்டக் கூடாது. குண்டு இல்லை, பழுதான துப்பாக்கி, வெறும் ஏர்கன் என்ற எந்தச் சாக்கும் அங்கே நிற்காது. பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி நிஜமென்று நம்பவைத்தாலும் அதே பிரிவுதான். ஆகவே இருட்டில் சத்தம் கேட்டு எழும்போது துப்பாக்கி கையில் இருக்கலாம். முனை தரையைப் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். ஆளையும் அவன் கையையும் பார்த்த பிறகே முனை உயர வேண்டும்.

அப்படியானால் தகுந்த காரணம் எது? பிரைவேட் டிஃபென்ஸ் எனப்படும் தற்காப்புக்கு நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பார்க்கின்றன. தாக்குதல் சட்டவிரோதமாக இருக்க வேண்டும். தொடங்கியிருக்க வேண்டும், அல்லது தொடங்கும் தறுவாயில் இருக்க வேண்டும். சட்டம் காக்கும் ஒன்றின் மேல் அது வர வேண்டும். உங்கள் பக்கம், தடுப்பு அவசியமானதாகவும், தாக்குபவன்மேல் மட்டுமே செலுத்தப்பட்டதாகவும், ஆபத்தின் அளவை மீறாததாகவும் இருக்க வேண்டும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ‘தறுவாயில்’ என்ற சொல். "நாளைக்கு உன்னைக் கொல்கிறேன்" என்பது மிரட்டல். அதற்கு வழி போலீஸ் புகாரும் பாதுகாப்பு உத்தரவும்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் பாங்கா கத்தியோடு நின்று கத்துகிறவன், நடுவில் பூட்டிய இரும்புக் கேட் இருந்தால் இன்னும் தறுவாய்க்கு வரவில்லை. அதே ஆள் கேட்டைத் தாண்டிக் கத்தியை ஓங்கியபடி ஓடிவந்தால் வந்துவிட்டான். முதல் வெட்டு விழும்வரை காத்திருக்கச் சட்டம் கேட்கவில்லை.

அளவு என்பது ஆயுதத்துக்கு ஆயுதம் என்ற தராசுக் கணக்கல்ல. எத்தனை பேர், வயது என்ன, உடல்வலு என்ன, தப்ப வழி இருந்ததா, வெளிச்சம் எப்படி, யோசிக்க எத்தனை நொடி இருந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். வெறுங்கையோடு ஒருவன் தள்ளினால் துப்பாக்கிக்கு இடமில்லை. நாலு பேர் ஒரு முதியவரைக் கீழே தள்ளித் தலையில் உதைக்கும்போது இருக்கலாம். பிறருக்காகவும் இந்த உரிமை உண்டு. 1959-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பட்டேல் வழக்கில், தம்பியையோ அண்ணனையோ சுத்தியலால் தாக்குகிறவனிடமிருந்து காக்கிற சகோதரனுக்கும், தன்னைத்தானே காக்கிறவனுக்குள்ள அதே உரிமை உண்டு என்று சொல்லப்பட்டது. ஆனால் சண்டையை நீங்களே தொடங்கியிருந்தால் கதை தலைகீழ்.

ஓட வேண்டுமா என்ற கேள்விக்கு வீட்டுக்குள் ஒரு பதில், வெளியே ஒரு பதில். 2009-இல் தீர்ந்த ஸ்டெய்ன் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், முன்னாள் கணவனைச் சுட்ட பெண்ணை விடுவித்தது; தன் வீட்டிலேயே அறைக்குள் பூட்டிக்கொண்டு கைதியாய்க் கிடக்க வேண்டியதில்லை என்றது. வெளியிலோ, பத்திரமாக விலகும் வழி இருந்தும் நின்றீர்களா என்று கேட்பார்கள். காரில் இருக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து முன்னால் பாதை திறந்திருந்தால், ஆக்சிலரேட்டர்தான் உங்கள் முதல் ஆயுதம்.

பொருளுக்காகச் சுடலாமா? கடைக்காரர்கள் 1967-இன் வான் வைக் வழக்கைச் சொல்வார்கள்: தொடர்ந்து திருட்டு நடந்த கடையில், எச்சரிக்கைப் பலகை மாட்டி, ஷாட்கன் பொறி வைத்ததில் திருடன் செத்தான்; சொத்தைக் காக்கக் கொல்வதும் சில நேரம் நியாயமாகலாம் என்று அன்றைய நீதிமன்றம் ஏற்றது. அதை இன்று நம்பிப் பொறி வைப்பவர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். 1996-இன் அரசியலமைப்பு 11-ஆம் பிரிவில் எல்லாருக்கும் உயிருரிமை தந்துவிட்டது. கேபிள் திருடனுக்கும் சேர்த்து. 2002-இல் வால்டர்ஸ் வழக்கு வந்தது. லேடி ஃப்ரேர் என்ற ஊரில் பேக்கரியில் புகுந்து தப்பி ஓடியவனைச் சுட்ட தந்தை, மகன்மேல் கொலை வழக்கு. ஓடும் திருடனைச் சுடுவதற்குப் பரந்த இடம் தந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 49-ஆம் பிரிவின் பகுதியை அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

நடைமுறையில் இதன் பொருள்: டீரூம் கல்லாவில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடிக்கிறவன் உங்கள் உயிரின்மேல் நிற்கிறான், தற்காப்பு உண்டு. பணப்பையோடு கதவைத் தாண்டி முதுகு காட்டி ஓடினால், அவன் கையில் இருப்பது வெறும் பணம். கார் ஹைஜாக்கும் அப்படியே. நெற்றியில் துப்பாக்கி இருக்கும்வரை உயிர் ஆபத்து. வண்டி தெருமுனை திரும்பிய பிறகு இன்சூரன்ஸ் விவகாரம். பின்சீட்டில் குழந்தை இருந்தால் ஆபத்து வண்டியோடு சேர்ந்தே போகிறது, கேள்வியும் மாறுகிறது. ஆனால் அந்த வண்டிக்குள் குண்டை விடுவது குழந்தையையும் குறிவைப்பதுதான்.

தவறான நம்பிக்கைக்குத் தனி இடம் வேண்டும். இல்லாத ஆபத்தை இருப்பதாக உண்மையிலேயே நம்பிச் சுட்டவருக்குக் கொலை எண்ணம் இல்லை என்று தீரலாம். அந்த நம்பிக்கை நியாயமற்றதாக இருந்தால் கல்பபிள் ஹாமிசைட் (கவனக்குறைவால் உயிர்போக்கிய குற்றம்) மிஞ்சும். ஆனால் ‘பயந்துவிட்டேன்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. 1993-இன் டி ஒலிவெய்ரா வழக்கில் படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியே நின்றவர்களை நோக்கி எச்சரிக்காமல் ஆறு முறை சுட்டவர் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை. அவர் என்ன நம்பினார் என்பதற்குச் சாட்சியமே இல்லாமல் கொலைக் குற்றத் தீர்ப்பு நிலைத்தது. ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் மூடிய கழிவறைக் கதவின் ஊடே நான்கு முறை சுட்டார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றது. கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாரென்பது முக்கியமில்லை, அங்கே ஒருவர் சாகக்கூடும் என்று தெரிந்தும் சுட்டதுதான் குற்றம். தீபாவளி இரவில் பின்சுவருக்கு அப்பால் வெடித்தது பட்டாசா துப்பாக்கியா என்று தெரியாமல் சுவரை நோக்கிச் சுடுபவரும் இந்த வரிசையில்தான் வருவார்.

எச்சரிக்கைக் குண்டு பற்றி: வேண்டாம். குடியிருப்புப் பகுதியிலோ பொது இடத்திலோ தகுந்த காரணமில்லாமல் சுடுவது 120(7)-இன்படி குற்றம். மேலே போன குண்டு எங்கோ கீழே இறங்கும். சாட்ஸ்வொர்த்தின் ஒட்டுவீடுகளில் அது பக்கத்து வீட்டுக் கூரைதான். சுடத் தகுந்த ஆபத்து இருந்தால் வானத்தைச் சுடுவானேன், இல்லாவிட்டால் சுடவே கூடாது என்று அரசு வழக்கறிஞர் இரண்டு பக்கமும் வெட்டுவார். வாயால் எச்சரியுங்கள், நேரம் இருந்தால். ஆங்கிலத்திலோ இஸிஸூலுவிலோ, அக்கம்பக்கம் கேட்கும்படி உரக்க. அந்தக் குரலைக் கேட்டவர் நாளை உங்கள் சாட்சி.

தெருக்காவலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் ரேடியோவும் உடம்பில் பளபளக்கும் ஜாக்கெட்டும் இருப்பதால் அதிகாரம் கூடுவதில்லை. சாதாரணக் குடிமகனுக்கு உள்ளதே உங்களுக்கும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸில் தெருத்தெருவாகத் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்தியதன் விளைவை ஊர் மறக்கவில்லை. 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், கொலை வழக்குகள் நடந்தன. முகம் தெரியாதவன் நம் தெருவுக்குள் வந்தான் என்பது தாக்குதல் அல்ல. தாக்குதல் இல்லாத இடத்தில் தற்காப்பும் இல்லை.

சுட நேர்ந்தால், ஆபத்து நின்றதும் நீங்களும் நிறுத்த வேண்டும். விழுந்தவன் கையிலிருந்து ஆயுதம் போய்விட்ட பிறகு விடும் குண்டு, முந்தைய குண்டுகளின் நியாயத்தையும் சேர்த்துக் கெடுக்கும்; குண்டு முதுகில் நுழைந்ததா, எந்தக் கோணத்தில் என்பதைப் பிரேதப் பரிசோதனை சொல்லிவிடும். துப்பாக்கியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்து உறையிலிடுங்கள். 10111-க்கும், ஆம்புலன்சுக்கு 10177-க்கும் அழையுங்கள். கைபேசியிலிருந்து 112 போதும். போலீஸ் வரும்போது கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது, உங்களைத்தான் கொள்ளையன் என்று நினைப்பார்கள். அடிபட்டவனுக்கு, அவன் கொள்ளையனே ஆனாலும், ரத்தத்தை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். தோட்டா உறைகளையும் கத்தியையும் தொடாதீர்கள். நல்லெண்ணத்தில் துடைத்துவைத்த தரை உங்களுக்கே எதிராகும்.

வந்த அதிகாரியிடம் பெயர், விலாசம், தாக்கப்பட்டீர்கள் என்பது, தாக்கியவனின் ஆயுதம் எங்கே கிடக்கிறது, யார் பார்த்தார்கள். இவ்வளவு சொன்னால் போதும். விரிவான வாக்குமூலம் வழக்கறிஞர் வந்த பிறகு. பேசாதிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு தருகிறது. கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். வார இறுதி வந்தால் அடுத்த நீதிமன்ற நாள்வரை நீளும். யாராவது செத்திருந்தால் கொலை டாக்கெட் (வழக்குக் கோப்பு) திறப்பதும், துப்பாக்கியைப் பரிசோதனைக்கு எடுத்துப்போவதும் வழக்கமான நடைமுறை, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு நடந்தால் அது தற்காப்பு அல்ல என்று நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின்மேல். நீங்கள் சொல்வது நியாயமாக உண்மையாக இருக்கக்கூடும் என்றாலே விடுதலை. அதனால்தான் அன்று இரவு வாட்ஸ்அப் குழுவில் "ஒருத்தனைத் தீர்த்தாச்சு" என்று போடும் ஒற்றை வரி அவ்வளவு கேடு.

சிசிடிவி பெட்டி பழைய பதிவைத் தானே அழித்துக்கொண்டு புதியதை எழுதும். சம்பவத்துக்கு அரை மணி முன்பிருந்து ஒரு மணி பின்வரை, எல்லாக் கேமராக்களின் பதிவையும் அன்றே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வழக்கறிஞரிடம் கொடுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.