ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள்: குடும்பத்தோடு காரில் போவது எப்படி?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் தரிசிக்கலாம். ஒரே சிக்கல், மதிய நடை சாத்தல். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் திரும்பத் திறக்க நான்கு மணி ஆகிவிடும். முதல் தடவை நாங்கள் சாவகாசமாக எட்டு மணிக்குக் கிளம்பி, கஞ்சனூர் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. அப்பா மூன்றரை மணி நேரம் காரிலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1. நாளைப் பாருங்கள்
வியாழன் என்றால் குரு தலமான ஆலங்குடியிலும், சனிக்கிழமை என்றால் சனி பகவானின் திருநள்ளாற்றிலும் கூட்டம் நெரியும். திங்கள், வெள்ளி நல்லது. ஞாயிறுதான் எல்லோருக்கும் லீவு என்றால் அதுவும் சரிதான். திருநாகேஸ்வரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலத்துக்குத்தான் வரும். நாம் காலையிலேயே போய்விடுவோம். ராகு பகவான் மேல் ஊற்றும் பால் நீலமாக மாறுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் மட்டும் அந்தக் கோயிலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வரிசையைச் சாலைதான் தீர்மானிக்கும்
'சூரியனில்தானே ஆரம்பிக்கணும்?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கிழமை வரிசையில் போனால் பாதி நாள் டீசலில் போய்விடும். மேற்குக் கோடியில் திங்களூர், கிழக்கே திருநள்ளாறு. மேற்கிலிருந்து கிழக்கே வருவதுதான் வழி.

3. காலையில் ஐந்து
முதல் நாள் இரவே கும்பகோணத்தில் தங்கிவிடுங்கள். ஆறு மணிக்குள் வண்டி கிளம்பினால் ஏழுக்குத் திங்களூர். சந்திரன் தலம், அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊர். பாம்பு கடித்து இறந்த அவர் மகனை அப்பர் பதிகம் பாடி எழுப்பிய கதையைப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், தூங்காமல் வருவார்கள். அப்புறம் கும்பகோணம் திரும்பி, நீடாமங்கலம் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் போனால் ஆலங்குடி. இங்கே குருவாக வழிபடுவது தட்சிணாமூர்த்தியை. பிறகு திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கடைசியாகச் சுக்கிரனின் கஞ்சனூர்.

சூரியனார்கோவிலுக்கு முன் திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரைக் கும்பிடுவது வழக்கம். பக்கத்து ஊர்தான், ஆனால் அரைமணி நேரம் பிடிக்கும். நடை சாத்துவதற்குள் கஞ்சனூர் வரை முடிக்க நேரம் இருந்தால் போங்கள்; தாமதமானால் வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

பதினோரு மணிக்கு மேல் பிரகாரத்துக் கல் சுடும். குழந்தை ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து ஓடும். பாட்டிக்கு ஓட முடியாது. வெள்ளை அடித்த பாதையோ கயிற்றுப் பாயோ இருந்தால் அதிலேயே கூட்டிப் போங்கள். இல்லாத இடத்துக்குக் கைப்பையில் ஒரு ஜோடி பழைய காலுறை இருக்கட்டும்.

4. மதியம்
புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதுதான் என் கட்சி. ஹோட்டலில் இலைக்குக் காத்திருப்பதைவிட மயிலாடுதுறை போய்ப் பெரியவர்களை இரண்டு மணி நேரம் படுக்கவைக்கலாம். மாலைக்கு அவர்கள் தெம்பாக இருப்பார்கள்.

5. மாலையில் நான்கு
நான்கு மணிக்கு வைத்தீஸ்வரன்கோவில் வாசலில் நில்லுங்கள். செவ்வாய் தலம்; உப்பும் மிளகும் வாங்கிப் போடுவது இங்கே வேண்டுதல். அடுத்தது புதனின் திருவெண்காடு. கோயில் பெரியது, மூன்று குளங்கள், நடை அதிகம். சிவனின் உக்கிர வடிவமான அகோர மூர்த்தியைத் தவறவிடாதீர்கள். கேதுவின் கீழப்பெரும்பள்ளம் சின்னக் கோயில், சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு தரங்கம்பாடி, காரைக்கால் வழியாகத் திருநள்ளாறு. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. வாடகை வண்டியானால் பர்மிட்டைப் பற்றி முதல் நாளே டிரைவரிடம் பேசிவிடுங்கள்.

திருநள்ளாற்றின் நள தீர்த்தக் குளத்தில் குளிப்பவர்கள் மாற்றுத் துணியையும் ஈரத்துணிக்கு ஒரு பையையும் மேலாகவே எடுத்து வையுங்கள். இருட்டில் டிக்கியைக் குடைவது பெரும்பாடு. தரிசனம் முடிய எட்டரை ஆகிவிடும். வண்டி ஓட்டுபவர் விடியற்காலை எழுந்தவர், அதனால் அன்று ராத்திரி காரைக்காலிலேயே அறை போட்டுவிடுங்கள்.