மத்திகிரியா, பாகலூர் ரோடா? ஓசூர் ஓரத்தில் வீடு பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஓசூரில் வீடு தேடுபவர்கள் இரண்டு மூன்று வாரம் அலைந்த பிறகு ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். மத்திகிரியா, பாகலூர் ரோடா, ஜூஜூவாடிப் பக்கமா? பெரும்பாலும் விலைதான் முடிவு செய்கிறது. அந்த விலையையே நாம் சரியாக ஒப்பிடுவதில்லை.

ஒரு புரோக்கர் 'சென்ட் எட்டரை லட்சம்' என்பார். இன்னொருவர் 'சதுர அடி ரெண்டாயிரம்' என்பார். மூன்றாமவர் பெங்களூருப் பழக்கத்தில் 'முப்பதுக்கு நாற்பது சைட், இருபத்திமூணு லட்சம்' என்பார். தொகைகள் பேச்சுக்குத்தான், கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, முப்பதுக்கு நாற்பது அடி சைட் 1,200 சதுர அடி. அப்படியானால் முதலாவது சதுர அடி சுமார் 1,950 ரூபாய், மூன்றாவது சுமார் 1,917 ரூபாய். காதுக்குப் பெரிதாகக் கேட்ட 23 லட்சம்தான் மூன்றிலும் மலிவு. எதைக் கேட்டாலும் அங்கேயே சதுர அடிக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு தெருவுக்குத் தெரு மாறும், அதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

சரி, மலிவு என்று தெரிந்தது. ஏன் மலிவு? அடுத்தடுத்த இரண்டு லேஅவுட்டில் ஒன்று டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெற்றதாகவும், மற்றொன்று பிற்பாடு வரன்முறை செய்ததாகவும் இருக்கலாம். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே விற்பனை தொடங்கிவிட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளுக்காக 2017-ல் வந்த விதிகளின்படி செய்ததுதான் இந்த வரன்முறை. அது சட்டப்படி செல்லும். ஆனால் அகலமான தெருவும் பூங்காவுக்கு விட்ட இடமும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டையும் ஒரே விலையில் வைத்துப் பேரம் பேசுவது தவறு. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகுங்கள். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து லேஅவுட் அங்கீகாரம் ஆகாது.

எல்லையும் ஏமாற்றும். மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டபள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் எல்லாம் 2011-ல் ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தன. 2019-ல் அது மாநகராட்சியானது. அந்தக் கோட்டுக்கு நூறு அடி தள்ளியிருக்கும் மனையையும் விளம்பரத்தில் 'ஓசூர் மாநகராட்சி' என்றே எழுதுவார்கள். குப்பை எடுப்பது, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் யார் பொறுப்பு என்பது அந்தக் கோட்டைப் பொறுத்தது. பக்கத்து வீட்டாரிடம் வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதன் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் பொறுப்பு.

இனி தண்ணீர். இதில் நான் கொஞ்சம் கறார். தருமபுரிப் பக்கம் பிறந்தவன். பள்ளியில் என்னோடு படித்தவர்களில் பல பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடின் வேலை அது. அதற்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கிவைத்தார்கள். வீடு விற்பவர் குழாயைக் காட்டி 'ஒகேனக்கல் லைன் இருக்கு' என்பார். லைன் இருப்பது வேறு, தண்ணீர் வருவது வேறு. எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் வருகிறது, கோடையில் மாதம் எத்தனை டேங்கர் வாங்குகிறார்கள் என்பதை அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்கள், துல்லியமாகச் சொல்வார்கள். போர் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவில் தொட்டுப் பார்த்து 'நல்ல தண்ணி' என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பேனா ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. இரண்டு இடத்துத் தண்ணீரையும் கொடுத்தால்தான் ஒப்பீடு.

எங்கள் வீட்டுக்கு நான் செய்த தவறு வேறு. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வண்டியை எடுத்து, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு 'அரை மணி நேரம்தான்' என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். குடிவந்த முதல் திங்கட்கிழமை கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டவே அந்த அரை மணி போய்விட்டது. சிப்காட் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும்போது ஜூஜூவாடிப் பக்கம் ஒரு மாதிரி, பாகலூர் ரோடு வேறு மாதிரி. கிலோமீட்டரை விட்டுவிட்டு, இரண்டு இடத்திலிருந்தும் வேலை நாளில், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

'ஏர்போர்ட் வரப்போகுது, மெட்ரோ வரப்போகுது' என்பதற்கு இன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தது உண்மை. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையத்துக்குத் தடை இருக்கிறது. பெங்களூரு மெட்ரோ 2025 ஆகஸ்டில் கர்நாடகப் பக்கத்துப் பொம்மசந்திரா வரை வந்தது, அதோடு நிற்கிறது. இரண்டு மனைக்கு நடுவே விலை வித்தியாசம் இந்த வாக்குறுதியால் மட்டும்தான் என்றால் மலிவானதை எடுங்கள்.

கடைசியாக, பார்க்கப் போகும் மாதம். வெயில் காலத்தில் மட்டும் பார்த்தால் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணையில் மழைக்குப் பின் பொங்கும் நுரையும் அதன் வாடையும் தெரியாது. ஏரிக்கரை ஓர மனையில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதும் தெரியாது. ராயக்கோட்டை ரோட்டில் சானமாவுப் பக்கம் அமைதியாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டால், ராகி அறுவடை சமயத்தில் ஒரு முறை போய் அங்கிருக்கும் டீக்கடையில் யானை எந்த வழியாக வரும் என்று கேட்டுப் பாருங்கள். புரோக்கருக்கும் தெரியும், சொல்ல மாட்டார்.