பேரப்பிள்ளையோடு ஒரு அல்பாக்கா நடை: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

அல்பாக்கா என்பது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, பஞ்சுபோன்ற மயிருள்ள விலங்கு. அல்பாக்கா நடை என்றால் சவாரி இல்லை. அதன் முதுகு ஆளைச் சுமக்கிற முதுகு கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை வளர்த்துவருவது முக்கியமாக மயிருக்காகத்தான். பொதி சுமக்க அங்கே அதன் பெரிய உறவான லாமா உண்டு. நீங்கள் செய்யப்போவது, அதை வளர்க்கும் பண்ணைக்குப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நடப்பது. அது பத்தடிக்கு ஒருமுறை நின்று புல் கடிக்கும், வேடிக்கை பார்க்கும். தாத்தா பாட்டியின் முழங்காலுக்கும் குழந்தையின் குட்டிக் காலுக்கும் இந்த வேகம் ஒன்றுபோலப் பொருந்தும்.

நாள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கயிறு தொய்வாக இருக்கட்டும். கீழே வரும் படிகளில் பாதி இதற்காகத்தான்.

படி 1: பதிவு செய்யும் முன் கேளுங்கள்

எத்தனை அல்பாக்காக்கள் சேர்ந்து நடக்கும் என்பது முதல் கேள்வி. இது மந்தை விலங்கு. தனியாகக் கூட்டிப்போனால் மிரளும், நகரவே மறுக்கும். இரண்டுக்குக் குறைவாக நடத்தும் பண்ணையைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது, குழந்தை எந்த வயதிலிருந்து கயிறு பிடிக்கலாம் என்பது. இடத்துக்கு இடம் விதி மாறும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: வளர்ந்த அல்பாக்கா 50 முதல் 85 கிலோ, 8 வயதுப் பிள்ளை சுமார் 25 கிலோ. அதனால் ஒரே விலங்குக்கு இரண்டு கயிறு போட்டு, ஒன்றைப் பெரியவரும் மற்றொன்றைப் பிள்ளையும் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

பாதையின் நீளம், ஏற்ற இறக்கம், நடுவில் உட்கார இடம், வண்டிகள் வருமா, இவற்றையும் கேளுங்கள். முதல் முறைக்கு ஒன்றரை கிலோமீட்டர் தாராளம். வெயில் காலமென்றால் காலை நேரத்தையே எடுங்கள்.

நடைக்குப் பெரும்பாலும் காயடித்த ஆண்களைத்தான் பழக்குவார்கள். பெண் அல்பாக்காவுக்கு சினைக்காலமே பதினொன்றரை மாதம், அதனால் அது நடைக்கு அதிகம் வராது. ஓர் எச்சரிக்கை: "புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆண், மேலே வந்து ஒட்டிக்கொள்ளும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். அப்படி வளர்ந்த ஆண் மனிதரையும் தன் இனமென்று எண்ணி, பெரிதானதும் போட்டிக்காரரை முட்டுவதுபோல முட்டக்கூடும்.

படி 2: உடுப்பு

விரலை மூடிய ஷூ, முழுக்கால் பேன்ட். செருப்பு வேண்டாம், ஈரப் புல்லில் வழுக்கும். படபடக்கும் துப்பட்டா, சட்டென்று விரியும் குடை இரண்டும் விலங்கை மிரளவைக்கும். வீட்டு நாய் வீட்டிலேயே இருக்கட்டும். நாயைக் கண்டால் மந்தை முழுக்கக் கலையும்.

கைத்தடி ஊன்றி நடப்பவர் கயிறு பிடிக்க வேண்டாம். கயிற்றுக்கு இரண்டு கையும் தேவை. பணியாளர் கயிற்றைப் பிடிக்க, நீங்கள் பக்கத்தில் நடந்தாலே போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

படி 3: முதல் பத்து நிமிடம்

நேராகப் போய்த் தலையைத் தடவாதீர்கள். எல்லாரும் செய்கிற தவறு இது. அந்தப் பஞ்சுக் கொண்டையைப் பார்த்தால் யாருக்கும் கை போகும்தான். ஆனால் தலையைத் தொடுவது பெரும்பாலான அல்பாக்காக்களுக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் மெல்ல வந்து, கையைத் தாழ்வாக நீட்டி, அது மோந்து பார்க்கும்வரை பொறுங்கள். பிறகு கழுத்தின் அடிப்பகுதியையோ தோளையோ புறங்கையால் தொடலாம். பின்னால் போகக்கூடாது, நேர் பின்புறம் அதன் கண்ணுக்குத் தெரியாது, உதைக்கும்.

"ம்ம்ம்" என்று முனகும். பேரப்பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். இது கோபம் இல்லை. துணையைத் தேடும்போதும், லேசான தவிப்பிலும், புதியதைப் பார்க்கும்போதும் வரும் சத்தம்.

படி 4: தலைப்பட்டையைப் பாருங்கள்

கயிற்றை மாட்டுகிற ஹால்ட்டர் என்ற தலைப்பட்டையைப் பண்ணைக்காரர்தான் போடுவார். ஆனாலும் நீங்கள் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அல்பாக்காவின் மூக்கு எலும்பு குட்டையானது. கண்ணுக்குக் கீழே சிறிது தூரம்தான் எலும்பு, அதற்கு முன்னால் வெறும் குருத்தெலும்பு. மூக்கின் மேல் வரும் பட்டை முன்னே வழுக்கினால் குருத்தெலும்பு அமுங்கும், மூச்சு அடைபடும். இந்த விலங்கு மூக்கால் மூச்சு விட்டே பழகியது. அடைபட்டால் பீதியில் தலையை உதறும், துள்ளும், படுத்துவிடும். பார்ப்பவர்கள் அதை "முரட்டு அல்பாக்கா" என்பார்கள்.

சரியான பட்டை கண்ணை ஒட்டிய உயரத்தில் இருக்கும். காதுக்குப் பின்னால் போகும் வார் இறுக்கமாகவும், மூக்கைச் சுற்றிய பகுதி அசைபோட வசதியாகத் தளர்வாகவும் இருக்கும். பாவம் என்று பின்வாரைத் தளர்த்துவதால்தான் பட்டை முன்னே வழுக்குகிறது. நடுவழியில் இறங்கிவிட்டதென்றால் நின்று, பணியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 5: கயிறு

கயிறு சுமார் 2 மீட்டர் இருக்கும். விலங்கின் இடப்பக்கம், அதன் தோளுக்கு நேராக நில்லுங்கள். தலைப்பட்டையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி வலக்கையால் பிடியுங்கள். மீதியை முன்னும் பின்னுமாக மடித்து இடக்கையில் வையுங்கள்.

மணிக்கட்டில் சுற்றக்கூடாது. கயிற்றுமுனை வளையத்துக்குள் கையை விடக்கூடாது. விலங்கு திடுக்கிட்டு ஓடினால் சுருக்கு இறுகி விரலே போய்விடும். பேரப்பிள்ளையோடு இதைக் கிளம்பும் முன் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்: நீங்கள் "விடு" என்றதும் கையைத் திறக்க வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. விட்டால் தொலைந்துவிடுமோ என்று குழந்தை பயப்படும். அது மற்ற அல்பாக்காக்களைத் தேடித்தான் ஓடும் என்று சொல்லுங்கள். வண்டி வராத பாதையைக் கேட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

இரண்டு மூன்று விலங்குகள் போகும்போது முன்னால் பணியாளர், நடுவில் பிள்ளை, கடைசியில் நீங்கள். அப்போதுதான் பிள்ளை உங்கள் கண்முன்னே இருக்கும். விலங்குகளுக்கு இடையே 2 மீட்டர் விடுங்கள். "தாத்தா, ஷூ கயிறு அவிழ்ந்துடுச்சு" என்று பிள்ளை நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ஒன்று பின்தங்கினால் அது பதறும்.

படி 6: நின்றுவிட்டால்

இழுக்காதீர்கள். நீங்கள் இழுத்தால் அதுவும் எதிர்ப்பக்கம் இழுக்கும், அதில் அதற்குத்தான் வெற்றி. ஏன் நின்றது என்று பாருங்கள்.

புல்லுக்காக என்றால், தலை முழுதாகக் குனியும் முன் கிளம்பிவிடுவது எளிது. குனிந்துவிட்டதென்றால் சில கடி கடிக்கட்டும்; பிறகு நேராக இழுக்காமல் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து கழுத்தைத் திருப்புங்கள், கால் தானாக வரும். வேலியோரச் செடிகளில் மட்டும் வாய் வைக்க விடாதீர்கள். அரளி சிறிதளவே போதும், உயிரை எடுத்துவிடும்.

புழுக்கை போடவும் நிற்கும். எல்லாம் ஒரே இடத்தில்தான் போடும், ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் வரும். காத்திருங்கள்.

காதை விறைத்து ஒரே பக்கம் வெறித்தால் எதையோ கண்டு பயந்திருக்கிறது. முன்னால் போகும் அல்பாக்கா நகர்ந்ததும் பெரும்பாலும் இதுவும் நகரும்.

வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, காலை மடக்கிப் படுத்து எழ மறுத்தாலோ வெப்பம் தாக்கியிருக்கலாம். நடையை அங்கேயே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், பணியாளரிடம் சொல்லுங்கள். மயிர் குறைந்த வயிறு, தொடையின் உட்பக்கம், கால்கள் வழியாகத்தான் அதன் சூடு வெளியேறும். தண்ணீரை அங்கேதான் ஊற்ற வேண்டும். முதுகில் ஊற்றினால் நனைந்த மயிர் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

படி 7: தீனி

பண்ணை கொடுக்கும் தீனி மட்டும். ரொட்டி, பிஸ்கட் கூடாது. கேரட் கொடுக்கச் சொன்னால் நீளவாக்கில் மெல்லிய குச்சியாக நறுக்குங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லுங்கள். மேல்வாயில் முன்பற்கள் இல்லை, அதன் உதடு பட்டு உள்ளங்கைதான் கூசும்.

துப்பல் நடப்பதும் இங்கேதான். பெரும்பாலும் தீனிக்காக ஒன்றன்மேல் ஒன்று துப்பிக்கொள்ளும், நடுவில் நிற்பவர் மேல் விழும். மோவாயை உயர்த்தி, காதைப் பின்னால் படியவைத்தால் அடுத்தது துப்பல்தான். தீனியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பி விலகுங்கள். இரண்டு விலங்குகளுக்கு நடுவில் நின்று தீனி கொடுக்கவே வேண்டாம்.

படி 8: கை கழுவுவது

சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 நொடி, நகத்தடி உட்பட. கைகளில் தடவும் ஜெல் மட்டும் போதாது. விலங்குகளின் சாணத்தில் இருக்கக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்குச் சாகாது. 5 வயதுக்கு உட்பட்டவர்களையும் முதியவர்களையும் இத்தகைய தொற்று கடுமையாகத் தாக்கக்கூடும், அதனால் பிள்ளை அந்த வயதென்றால் உங்கள் இருவருக்குமே இது பொருந்தும். கழுவிய பிறகே சாப்பாட்டுப் பையைத் திறங்கள். ஷூவின் அடிப்பாகத்தையும் அங்கேயே கழுவிவிட்டு வண்டியில் ஏறுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், பண்ணை விலங்குகளைத் தொட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.