இதய செல் வளர்ப்பில் உயிர்காக்கும் புரதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்சிஎல்-1, பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல். செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாமல் தடுக்கும் புரதங்கள் என்று இவற்றைப் படித்திருப்போம். ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசை செல்லை வளர்க்கும்போது அந்தப் பாடத்தை மட்டும் நம்பினால் முடிவுகளைத் தவறாகத்தான் படிப்போம்.

எம்சிஎல்-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருந்துகொண்டு செல்லின் சாவைத் தடுக்கிறது. இதன் சிறிய வடிவம் ஒன்று உள்ளே போய் ஆற்றல் உற்பத்திக்கும் உள்சவ்வின் மடிப்புகளுக்கும் துணை நிற்கிறது. எலியின் இதயத்தில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்த ஆய்வுகள் 2013-இல் வந்தன. இதயம் வேகமாகச் செயலிழந்தது. சாவை நடத்தும் பேக்ஸ், பேக் புரதங்களையும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிழைத்தன, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறு சரியாகவில்லை. சாவைத் தடுப்பது ஒரு வேலை, மைட்டோகாண்ட்ரியாவைப் பேணுவது வேறு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்டெம் செல்லில் துண்டு துண்டாகக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியா, இதய செல்லாக மாறும்போது நீண்டு வலைப்பின்னலாகிறது. அதனால் எம்சிஎல்-1-ஐத் தடுத்துவிட்டு, செத்த செல்களை மட்டும் எண்ணுவது போதாது. செல் சாவை நிறைவேற்றும் நொதியான காஸ்பேஸின் தடுப்பானையும் சேர்த்து ஒரு வளர்ப்புத் தட்டு வையுங்கள். அப்போதும் வலைப்பின்னலும் துடிப்பும் கெட்டால், காரணம் சாவு மட்டுமல்ல. காஸ்பேஸுக்கே செல் மாற்றத்தில் பங்கு உண்டு என்பதால், அந்தத் தடுப்பான் மட்டும் உள்ள தட்டும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, நான் அடிக்கடி பார்க்கிற தவறு: சதவீதத்தை நம்புவது. 100 செல்லில் 60 இதய செல் என்று வைத்துக்கொள்வோம். மருந்து மற்ற செல்களில் 30-ஐக் கொன்றால், ட்ரோபோனின் (இதய செல்லை அடையாளம் காட்டும் புரதம்) உள்ள செல்கள் சுமார் 86 சதவீதமாகிவிடும். இதய செல் ஒன்றுகூடப் புதிதாக உருவாகவில்லை! மொத்த எண்ணிக்கை இல்லாத சதவீத வரைபடத்தை ஏற்காதீர்கள்.

புரத அளவைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. எஸ்63845 போன்ற எம்சிஎல்-1 தடுப்பான் கொடுத்தபின் எம்சிஎல்-1 பட்டை தடிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. மருந்து ஒட்டிக்கொண்ட புரதம் எளிதில் சிதைவதில்லை, அவ்வளவுதான்.

செல் வரிசையையும் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் ஸ்டெம் செல் வகை) சும்மா நம்பக் கூடாது. நீண்ட நாள் வளர்ப்பில் 20-ஆம் குரோமோசோமின் 20க்யூ11.21 பகுதி கூடுதலாகப் பெருகுவது அடிக்கடி நடக்கிறது. பிசிஎல்-எக்ஸ்எல் மரபணு இருப்பது அங்கேதான். அந்தச் செல்கள் சாகாமல் மற்றவற்றை முந்திவிடும். மாற்றம் சிறியதாக இருந்தால் வழக்கமான குரோமோசோம் சோதனையில் தெரியாது. அந்தப் பகுதியை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃபிஷ் அல்லது அதன் டிஎன்ஏ அளவை அளக்கும் கியூபிசிஆர் செய்து பாருங்கள்.

அப்புறம், நேரம். செல் என்னவாக மாற வேண்டும் என்று வழிகாட்டும் விண்ட் சமிக்ஞைப் பாதையை முதல் நாள் தூண்டி, சுமார் 3-ஆம் நாள் அடக்கும் முறையில், இடைப்படைச் செல்லாக (இதயம் உருவாகும் கருவின் நடு அடுக்குச் செல்) மாறும் கட்டத்தில் மருந்து கொடுப்பதும், துடிக்கத் தொடங்கியபின் கொடுப்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். துடிக்கும் செல்லும் கருவின் இதய செல்லுக்கு நெருக்கமானதே. எம்சிஎல்-1 தடுப்பான்களைப் புற்றுநோய்க்குச் சோதித்தபோது சில நோயாளிகளின் ரத்தத்தில் இதய பாதிப்பின் அறிகுறியான ட்ரோபோனின் உயர்ந்ததால் இந்தச் செல்களில் முன்கூட்டியே சோதிக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் முதிராத செல்லில் கிடைத்த மருந்தளவை வளர்ந்தவர் இதயத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது.