கஞ்சா வழக்கு: நாட்களை எண்ணுங்கள்

சென்ற மாதம் ஒரு சிறப்பு நீதிமன்ற வராந்தாவில், ஓர் இளம் வக்கீல் தன் கட்சிக்காரரின் தாயாரிடம், "நூற்று எண்பது நாள் முடியட்டும் அம்மா, பிறகு ஜாமீன் மனுப் போடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். 3 கிலோ 800 கிராம் கஞ்சா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் இதே வாக்கியத்தை இன்னொரு தாயாரிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள், கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். போதைப்பொருள் வழக்கில் வக்கீல் வைக்கும்போது குடும்பங்கள் செய்யும் மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எடை தெரியாமல் வக்கீலைத் தேடுவது

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் தண்டனையும் ஜாமீனும் எடையைப் பொறுத்தே அமைகின்றன. கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு; ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, 20 ஆண்டு வரை போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை. மெத்தாம்பெட்டமின் என்றால் கணக்கே வேறு, 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு.

ஆகவே நல்ல வக்கீல் முதலில் கைப்பற்றுதல் மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவைத்தான் கேட்பார். சட்டப்படி கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதி. நுனி இல்லாமல் தனியே கிடைக்கும் இலையும் விதையும் அதில் சேராது. சாக்கோடு சேர்த்து எடை போட்டார்களா, உள்ளே இருந்தது என்னவென்று எழுதினார்களா என்று வரி வரியாகப் படிப்பவரிடம் வழக்கைக் கொடுங்கள். காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே கட்டணம் பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாட்களை எண்ணாமல் விடுவது

புலன்விசாரணையைக் குறித்த காலத்துக்குள் முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. குற்றத்தின் தன்மையை நீதிமன்றம் அப்போது பார்ப்பதில்லை. வணிக அளவு வழக்குகளில் அந்தக் காலம் 180 நாள். அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்துக் காரணம் காட்டினால் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். போதைப்பொருள் வழக்கு என்றாலே 180 நாள் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தவறு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் நடத்திய அந்த வழக்கு 4 கிலோ, இடைப்பட்ட அளவு. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அதற்கு 60 நாள்தான்.

அந்தத் தாயார் தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் கிழித்த தாளைச் சேர்த்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார். "எழுபது தாள் ஆகிவிட்டது ஐயா" என்று என் மேசைமேல் வைத்தார். அன்றுதான் நான் சட்டப் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தேன். குற்றப்பத்திரிகை 66ஆம் நாளே வந்துவிட்டிருந்தது. இடையில் ஐந்து நாள் அந்த உரிமை எங்கள் கையில் இருந்தது. ஒரு பக்க மனு போதும். நான் எழுதவில்லை. குற்றப்பத்திரிகை வந்த பிறகு அந்த உரிமையைக் கேட்க முடியாது. பையன் மேலும் ஏழு மாதம் உள்ளே இருந்தான். அவனுடைய தாயார் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

நேரத்தின் அருமைக்குச் சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 180 நாள் 2019 ஜனவரி 31ஆம் தேதி முடிந்தது. மறுநாள் காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனு தாக்கலானது. அன்று மாலை 4.25 மணிக்கு எதிர்த்தரப்பு, குற்றப்பத்திரிகைக்கு ஈடான கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் தந்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பத் தந்தது. காலையிலேயே கேட்டுவிட்ட உரிமையை மாலையில் வந்த காகிதத்தால் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

எண்ணுவது எப்படி? காவல்துறை பிடித்த நாளிலிருந்து அல்ல, நீதிபதி ரிமாண்ட் செய்த நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவில் சொற்கள் சற்று மாறியிருப்பதால், இடைப்பட்ட அளவுக்கு 60 நாளா 90 நாளா என்று அரசுத் தரப்பு வாதிடக்கூடும். வாதிடட்டும். 61ஆம் நாள் காலை உங்கள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். வக்கீலை மாற்றுவதானால் அந்தத் தேதிக்கு வெகு முன்பே மாற்றுங்கள்; பழைய வக்கீலிடம் ஆட்சேபணையில்லை என்று கையெழுத்து வாங்கவே ஒரு வாரம் ஓடிவிடும்.

வராந்தாவில் பார்த்த அந்தத் தாயாரின் பையனுக்கு அன்று 52ஆம் நாள். முதல் தகவல் அறிக்கையின் பின்பக்கத்தில் 61ஆம் நாளின் தேதியை எழுதி, இளம் வக்கீலிடம் ஒன்று, தாயாரிடம் ஒன்று என்று இரண்டு நகல் கொடுத்தேன்.

வாக்குமூலத்தைப் பார்த்து இடிந்துபோவது

"அவனே ஒப்புக்கொண்டுவிட்டானாம்" என்று அழுதுகொண்டு வருகிறார்கள். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்க முடியாது.

50ஆம் பிரிவை மட்டும் நம்புவது

போதைப்பொருள் சட்டத்தின் இந்தப் பிரிவு தருகிற, மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உடல் சோதனைக்குத்தான். கையில் தொங்கிய பைக்கு இல்லை.

"நிச்சயம் ஜாமீன்" என்பவரை நம்புவது

வணிக அளவு வழக்கில், ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை வைக்கும் 37ஆம் பிரிவைச் சொல்லாமல் இப்படி வாக்களிப்பவர் அதைப் படிக்கவில்லை, அல்லது மறைக்கிறார்.

சிறை வாசலில் பேரம் பேசுபவரிடம் பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

பணமில்லை என்று வக்கீலே வைக்காமல் இருப்பது

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது ரிமாண்ட் தேதியை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.